டூட்டிங் குளத்துச் சேறும் லூப்பே அம்மாவும்

மே 10, 1994. செவ்வாய்

தூறல். குளிர். காலை 8க்கே வேலை. தொட்டி அறைத் தண்ணீர் 17 பாகை, நல்லது. 12ஆம் தொட்டியில் முட்டை. மண்புழு முடியப்போகிறது, பொறுப்பாளர் ஹெலனிடம் சொல்ல வேண்டும்.

இன்று கல்லூரிக்கு விருந்தாளி. மெக்சிகோவில் சொச்சிமில்கோ என்ற இடத்து விவசாயப் பெண், பெயர் லூப்பே. ஐம்பத்தைந்து வயதிருக்கும். என் உயரம்தான். இரட்டைப் பின்னல். வெள்ளிக்கிழமை மாலை மண்டபத்தில் பேச வந்திருக்கிறார். மொழிபெயர்க்க மார்த்தா, எங்கள் பிரிவில் படிக்கும் ஸ்பெயின்காரப் பிள்ளை.

ஏழு வருடமாக நான் தீனி போட்டுத் தண்ணீர் மாற்றும் ஆக்சலாட்டல்கள் லூப்பே அம்மாவின் ஊர் வாய்க்காலில் பிறந்த இனமாம். வேறெங்கும் இயற்கையில் இல்லையாம். ஆய்வுக்கென்றே யாரோ உண்டாக்கிய பிராணி என்று நினைத்திருந்தேன். வெட்கம்.

லூ. அம்மா தொட்டிக்கு மேல் குனிந்தார். உள்ளே ஒன்று: ஒரு சாண் நீளம், பல்லி உடம்பு, கழுத்தோரம் இறகு போல் சிவந்த செவுள், மற்றதெல்லாம் வெள்ளை. பிறகு என்னைப் பார்த்து ஏதோ கேட்க, மார்த்தாவுக்குச் சிரிப்பு. எங்கள் ஊரில் இது கறுப்பு, இதற்கு என்ன வருத்தம், சரியாகச் சாப்பாடு போடுவதில்லையா என்று கேட்டாராம்.

மே 11. புதன்

வெயில். ஆனால் லூ. அம்மாவின் முகம் இருட்டு. ஊரிலிருந்து ஒரு பை சேறு கொண்டுவந்திருக்கிறார். வெளிநாட்டு மண்ணுக்கு அனுமதியில்லை என்று விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். அதை வைத்துத்தான் வெள்ளிக்கிழமை நாற்றுப் போடுவதைச் செய்துகாட்ட இருந்தாராம்.

மார்த்தா விளங்கப்படுத்தினாள். அவர்களுடைய தோட்டம் ஏரிக்குள். வாய்க்கால் அடியிலிருந்து சேற்றை அள்ளி அள்ளிக் குவித்து நீளநீளமாக மேடு கட்டி, கரை கரையாமல் வில்லோ மரம் நட்டு, அதில்தான் பயிர். நாற்றும் சேற்றில்தான். ஆண்கள் பலர் நகரத்துக்கு வேலைக்குப் போய்விட, பெண்கள் விடாமல் செய்கிறார்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்கள் பெருகி ஆக்சலாட்டல் முட்டையையும் குஞ்சையும் தின்கின்றன. அதனால் இந்தப் பெண்கள் ஒரு கிளை வாய்க்காலை மரக்கொம்பும் வலையும் வைத்து அடைத்து, மீனைப் பிடித்து வெளியேற்றியிருக்கிறார்கள். அதில் மட்டும் இப்போது குஞ்சு தெரிகிறது. இன்னும் இரண்டு வாய்க்காலை அடைக்க உதவி வேண்டும். வெள்ளிக்கிழமை பேச்சைக் கேட்க வரும், பணம் ஒதுக்கும் குழு மனம் வைத்தால்தான்.

விடுதிச் சாப்பாடு இறங்கவில்லை என்றார் லூ. அம்மா. மாலை இரண்டு பேரையும் டூட்டிங்கில் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தேன். வழியில் மரக்கறிக் கடையில் முளைக்கீரைக் கட்டைக் கண்டதும் இரண்டு கையாலும் தூக்கி முகர்ந்து பார்த்தார். அவர்களும் இதைச் சமைப்பார்களாம்.

கடைக்கார அண்ணை: "எங்கட ஆக்களே? எந்த ஊர்?"
"மெக்சிகோ, அண்ணை."
"பாத்தால் எங்கட பெரியம்மா மாதிரி இருக்கிறா."

கீரை, பருப்பு, செத்தல் மிளகாய்ச் சம்பல். மிளகாயை என் வீட்டுக்காரரை விட அதிகம் தின்றார். இவருக்கு லூ. அம்மா மேல் மரியாதை கூடிவிட்டது.

சேற்றுக்கு என்ன செய்வது? இவர்தான் சொன்னார்: "இஞ்சரும், கொமனில குளம் இருக்கெல்லோ. அங்க சேறு இல்லாமலே?"

மே 12. வியாழன்

அரை நாள் லீவு. லூ. அம்மா, மார்த்தா, நான், இரண்டு வாளி. டூட்டிங் கொமன் பூங்காக் குளம். காவலாளி நின்றான். ஒளிக்காமல் கேட்டேன். குளம் தூர்ந்துகொண்டு போகிறது, லொறி கொண்டுவந்தாலும் சந்தோசம் என்றான். தன் பூட்சையும் தந்தான். எனக்கு இரண்டு அளவு பெரிது.

இறங்கியது நான். முதல் வாளியை லூ. அம்மா விரலில் தேய்த்துப் பார்த்து ஊற்றிவிட்டார். மணலாம். இரண்டாவதில் மணம் சரியில்லை. மூன்றாவதாகத் தூரத்தில் நின்ற வில்லோ மரத்தைக் காட்டினார். அதனடியில் முழங்கால்வரை புதைந்தேன். கறுத்த, வெண்ணெய் மாதிரிச் சேறு. பூட்ஸ் ஒன்று உள்ளே போய்விட்டது. மார்த்தா என் கையைப் பிடித்திழுக்க, லூ. அம்மா அவளைப் பிடித்திழுக்க, மூன்று பேரும் கரையில் விழுந்தோம். இவ்வளவு சிரித்து எத்தனை காலம். பூட்சையும் எடுத்தாயிற்று.

வீட்டில் கேக் தட்டுகளில் சேற்றைப் பரப்பினோம். பாதி காய வேண்டும், அப்போதுதான் வெட்டலாம். ஊரில் வெயில். இங்கே? இவர் ஷிப்ட் முடிந்து வந்து, ஒன்றும் கேட்காமல், ஹெயார் டிரையரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.
"கலியாணத்துக்கும் நான் இப்பிடித் தலை காயவிடேல்லை."

மே 13. வெள்ளி

மழை. கா. 7. சேறு பதம். லூ. அம்மா கத்தியால் தொதல் இனிப்புத் துண்டு போட்டதுபோல் சதுரம் சதுரமாக வெட்டினார். நோர்தேர்ன் லைன் ரயிலில் ஆளுக்கொரு தட்டு மடியில். எதிரே இருந்த கிழவர், யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். சொக்லேட் கேக் என்று நினைத்திருக்கிறார்.

மா. 6. மண்டபம் நிறைய ஆட்கள். முன்வரிசையில் குழு. லூ. அம்மா பேச்சைக் குறைத்தார். ஒவ்வொரு சதுரத்திலும் விரலால் குழி, குழியில் ஒரு விதை, மேலே தூள் எரு. முளைத்ததும் சதுரத்தோடு தூக்கி மேட்டில் வைத்தால் வேர் நோகாது. எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

பிறகு குழுவில் ஒருவர் கேட்டார். ஆய்வுகூடங்களில்தான் இந்தப் பிராணி ஏராளமாக இருக்கிறதே, வாய்க்காலை ஏன் காக்க வேண்டும்? தேவையென்றால் இங்கிருந்து கொண்டுபோய் விடலாமே.

நியாயமான கேள்வி மாதிரித்தான் இருந்தது. லூ. அம்மா என் பக்கம் கையை நீட்டினார். இதற்குப் பதில் மலருக்குத் தெரியும் என்கிறார் என்று மார்த்தா சொன்னாள்.

நான் தொட்டி கழுவுகிறவள். எழும்பினேன். என் இங்கிலீஷில் சொன்னது இவ்வளவுதான்: நான் ஏழு வருடமாக வளர்க்கிறேன். எங்களுடையவை தண்ணீருக்குள் நிழல் விழுந்தால் வாயைத் திறந்துகொண்டு வரும். நிழல் என்றால் என் கை, கை என்றால் சாப்பாடு. மீனைக் கண்டதில்லை. கொண்டுபோய் விட்டால் மீனின் வாய்க்கே நேரே போகும். வெள்ளை வேறு, சேற்றில் ஒளிக்கவும் ஏலாது. இவர்களுடைய வாய்க்காலில் உள்ளவற்றுக்குத்தான் அங்கே வாழத் தெரியும். வாய்க்காலை உயிரோடு வைத்திருக்க இந்தப் பெண்களுக்குத்தான் தெரியும்.

உட்கார்ந்த பிறகுதான் கைதட்டல் கேட்டது. ஹெலனும் தட்டினாள். கேட்டவர் ஏதோ எழுதிக்கொண்டார்.

மே 14. சனி

இடியப்ப உரல் தேட வேண்டும். உடுப்புத் தோய்த்தாயிற்று. சேற்றுக்கறை போகாது.

மதியம் போன். மார்த்தா. குழு ஒத்துக்கொண்டது. இரண்டு வாய்க்காலுக்கும். பின்னால் லூ. அம்மா அழுவதா சிரிப்பதா விளங்கவில்லை. பிறகு போனை வாங்கி "மலர்" என்றார். "ஓம்" என்றேன். அதற்குமேல் இரண்டு பேருக்கும் மொழியில்லை. போனைப் பிடித்தபடி சிரித்தோம்.

இவர்: "போனுக்குள்ள என்னப்பா, ஒருதரும் கதைக்கேல்லை, நீர் சிரிக்கிறீர்?"

மே 16. திங்கள்

நல்ல வெயில். மண்புழு வந்தது. 12ஆம் தொட்டி முட்டைகளைப் பிரித்தாயிற்று.

லூ. அம்மா நேற்றுப் பறந்துவிட்டார். தொட்டி அறைக் கதவில் அறை எண் மட்டும்தான் இருக்கிறது. ஒரு மட்டையில் அவருடைய ஊர்ப் பெயரைப் பெரிய இங்கிலீஷ் எழுத்தில் எழுதி அதன் கீழே ஒட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. பத்தரைக்கு ஹெலன் வந்தாள். நின்று பார்த்தாள். கழற்றச் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். என் பேனாவைக் கேட்டு வாங்கி, முதலெழுத்து 'எஸ்'ஸை வெட்டி 'எக்ஸ்' போட்டாள். சொச்சிமில்கோவை அப்படித்தான் எழுதுவார்களாம்.

பின்கதவுக்கும் ஒன்று நான் எழுத வேண்டுமாம்.