கிழிந்த முகமும் திறந்த கதவும்

உன் சித்தி பிழைத்துவிட்டாள், அவளைப் பிழைக்க வைத்த ஆம்புலன்ஸ் ஓட்டுநரை விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள், அவரைத் திட்டிப் போட்ட வீடியோவை ஊருக்கெல்லாம் பரப்பியவர்களில் நீயும் ஒருத்தன்!

நீ சுகமா என்று கேட்க இந்தத் தடவை எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் பெத்த வயிறு, நீ நல்லா இருந்தால் சரி. இங்கே அப்பாவுக்கு முட்டி வலி, மற்றபடி எல்லோரும் நலம். சித்தி விஷயத்தை ‘அவனுக்குச் சொல்லாதே, பதறுவான்’ என்று அவளேதான் தடுத்தாள். நீ பதறவில்லை, சிரித்திருக்கிறாய். அந்த வீடியோவுக்கு மேலே ‘மரியாதை தெரியாத பயலுக’ என்று எழுதி, பக்கத்தில் சிரிக்கிற பொம்மை வேறு. அதை நான் என் போனில், எங்கள் ஆம்புலன்ஸ் ரசிகைகள் குழுவில், மற்ற பெண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் பார்த்தேன். இந்த வயசில் ஆம்புலன்ஸுக்கு ரசிகையா என்று நீ முன்னே கேலி பண்ணினாயே, ஆமாம் ரசிகைதான். போன் மேப்பை நம்பினால் கல்குவாரியில் கொண்டுபோய் விடுகிற ஊர் இது. ராத்திரி அழைப்பு வந்தால் முக்குக்கு ஒருத்தி டார்ச்சோடு நின்று வழி காட்டுவது நாங்கள்தான். அந்த ஓட்டுநருக்குக் ‘குறுக்குச்சந்து’ என்று பேர் வைத்ததும் நாங்கள்தான்.

நடந்ததைச் சொல்கிறேன், இந்த முறையாவது முழுசாப் படி. ஆம்புலன்ஸ்காரர்களைப் பாராட்டி நாங்கள் ஒரு சின்ன கூட்டம் வைத்தோம். மண்டபம் தருகிறேன் என்று நம் ஊர் காண்ட்ராக்டர் உள்ளே புகுந்தார், ஒட்டகம் கூடாரத்தில் புகுந்த கதைதான். வண்டியின் பின்கதவு முழுக்க ஒரு பேனர் ஒட்டினார். இடது கதவில் ‘நன்’, வலது கதவில் ‘றி’, நடுவில், இரண்டு கதவும் சேருகிற இடத்தில், பல்லெல்லாம் தெரிய அவர் முகம். காற்றில் பறக்கக் கூடாதாம், பசை போட்டு ஒட்டியிருந்தார். அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோது மண்டபத்துக்குப் பின்னால் டீ போட்டுக்கொண்டிருந்த உன் சித்தியைக் கூரையிலிருந்த குளவிகள் கொட்டிவிட்டன. முகம் வீங்கி, தொண்டை அடைத்து, பேச்சில்லை. ஸ்ட்ரெச்சரும் ஆக்ஸிஜனும் அந்தக் கதவுக்கு உள்ளே. குறுக்குச்சந்து பிளேடை எடுத்தார். காண்ட்ராக்டர் குறுக்கே வந்து, “ஏம்ப்பா, பசைய மெதுவா உரிச்சு எடு, ஆயிரம் பேர் பாக்குறாங்க” என்றார். அதற்கு அவர், “மூஞ்சிய அப்புறம் ஒட்டிக்கலாம்ணே, மூச்ச ஒட்ட முடியாது” என்று சொல்லிக்கொண்டே பேனரில் இருந்த மூக்கு நடுவில் ஒரே கோடாக இழுத்தார். கதவு திறந்தது. நீ பரப்பிய வீடியோ அங்கேயே நின்றுவிடுகிறது. அதற்கப்புறம் உன் சித்தியை நாங்கள் தூக்கிக்கொண்டு ஓடியதை எடுக்க யாருக்கும் போன் கிடைக்கவில்லை போலிருக்கிறது.

கௌரவித்தவரை அவமானப்படுத்தினார் என்று காண்ட்ராக்டர் புகார் கொடுத்திருக்கிறார், அந்த வீடியோதான் சாட்சி. வெள்ளிக்கிழமை சுகாதார அலுவலகத்தில் விசாரணை. வேலை போனால் அவரோடு வண்டியும் நம் ஊரைவிட்டுப் போகும், இந்தச் சந்தெல்லாம் வேறு யாருக்குத் தெரியும். சித்தியே வந்து பேசுவாள், தொண்டை இன்னும் கரகரப்புதான், ஆனாலும் விடமாட்டாள்.

வெளியூரில் நேரத்துக்குச் சாப்பிடு, உடம்பைப் பார்த்துக்கொள், கடவுள் உனக்குக் கொஞ்சம் புத்தியும் கொடுக்கட்டும். சித்திக்குப் போன் பண்ணுவதற்கு முன்னால் குறுக்குச்சந்துக்குப் பண்ணி மன்னிப்புக் கேள். அந்த வீடியோவை எடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தை அப்படியே போடு, யார் யாரெல்லாம் அதற்குச் சிரித்தார்களோ அவர்கள் எல்லோருக்கும் அனுப்பு, வெள்ளிக்கிழமை வரமுடிந்தவர்களை வரச் சொல். எனக்குப் பதில் போடு. பொம்மை போடாதே, எழுத்தில் போடு.

உன் மேல் இன்னும் கோபமாக இருக்கும்,
அம்மா