காறாத எண்ணெய்

இந்தூர்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். நைனாவின் முழங்கால் இப்போது மலைப்படி ஏற விடுகிறதா?

நீ அனுப்பிய முறுக்கைத் தீர்ந்துவிடுமே என்று நாளுக்கு ஒன்றாகத் தின்றேன். பிடுங்கித் தின்னத்தான் இங்கே யாருமில்லையே. கடைசியில் எண்ணெய் வாடையடித்துக் காறிப்போய்விட்டது. காறாத எண்ணெய்க்குச் சோயா வளர்ப்பவள் அறையில் காறல் முறுக்கு என்று ஆபீசில் ஒரே சிரிப்பு. அதையும் விடாமல் தின்று தீர்த்தேன்.

எண்ணெயைச் சீக்கிரம் கெடவைக்கும் மரபணுக்கள் இரண்டு. ஒரு செடியில் ஒன்றும், இன்னொரு செடியில் மற்றதும் செயலற்று இருந்தன. அந்த இரு செடிகளையும் கலந்து, அவற்றின் பேரப்பிள்ளைத் தலைமுறையில் இரண்டு மரபணுவுமே செயலற்ற செடியைக் கண்டுபிடித்தோம். அதன் விதையைப் பெருக்கி இந்த வருடம் எண்ணெய் எடுத்தோம்.

அந்த எண்ணெயில் நானே முறுக்கு சுட்டேன். "வெறும் டப்பாவத் திருப்பிக் குடுக்கக் கூடாதுடி" என்பாயே, அதனால் உன் டப்பாவிலேயே போட்டிருக்கிறேன். கோணல்மாணலாக இருக்கும். ஆனால் திருத்தணி வந்துசேர எத்தனை நாளானாலும் வாசம் மாறாது.

கூரியர்காரர் வாசலில் நிற்கிறார். நீயும் டப்பாவை வெறுமனே வைத்திருக்காதே அம்மா. நம் வீட்டுக் கடலை எண்ணெயிலேயே சுடு. காறினால் காறட்டும்.

உன் சௌமியா