மூன்றாம் பாகத்தின் முழு விலை

திருப்பதி,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள பவன்குமாருக்கு,

நைனா எழுதுகிறேன். நானும் அம்மாவும் எப்படியோ நடமாடிக்கொண்டிருக்கிறோம், கனடாவில் நீ வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். போனில் பேசினால் உன் தம்பி சிரஞ்சீவி காதில் விழும், அதனால்தான் கடிதம். அம்மா இதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். முதல் சம்பளத்தில் அந்த கேம் மெஷினை வாங்கி வந்த அன்று நீ என்னை ஒன்று கேட்டாய், நினைவிருக்கிறதா? "ஆறு மாசம் போனா பாதி விலைக்கு வர்ற கார் கேம இன்னிக்கே முழு விலை குடுத்து வாங்கறவன் ஏமாளிதானே நைனா?" நான் வாய் திறப்பதற்குள் அம்மா, "பெட்ரோல் போடாத வண்டிக்குப் பாதி விலையே ஜாஸ்திடா" என்றாள். அந்தச் சிரிப்பில் என் பதில் நின்றுபோயிற்று. அந்த வாரமே நீயும் தம்பியும் காணிப்பாக்கம் போய், குடியை விடுகிறவர்கள் பிள்ளையார் முன்னால் சத்தியம் செய்கிற அதே இடத்தில் நின்று, இனி எந்த கேமையும் முழு விலைக்கு வாங்குவதில்லை என்று சத்தியம் செய்து வந்தீர்கள். அன்று அவன் உன் தோளைப் பிடித்துக்கொண்டாவது படியேறினான்.

உன் கணக்கில் தப்பில்லை. சித்தூர் மண்டியில் முதலில் வருகிற மாம்பழம் புளிக்கும், விலையும் ஏறியிருக்கும், பொறுத்தவனுக்கு இனிப்பாகவும் மலிவாகவும் கிடைக்கும். கேமும் அப்படித்தான், முதலில் குறைகளோடு வரும், பிறகு சரிசெய்வார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆனால் நான் பாடம் நடத்திய வடமாலபேட்டைப் பள்ளியில் வருஷா வருஷம் ஒன்று பார்த்திருக்கிறேன். மேல் வகுப்புப் பிள்ளைகளின் பழைய புத்தகம் பாதி விலைக்கு வரட்டும் என்று சில வீடுகளில் காத்திருப்பார்கள். புத்தகம் வந்துவிடும், ஓர் எழுத்துக்கூடக் குறைந்திருக்காது. அதற்குள் பாடம் நடந்து முடிந்திருக்கும்.

சிரஞ்சீவியின் தசைநோய் இப்போது விரலுக்கு வந்துவிட்டது. அவன் உன்னிடம் சொல்லமாட்டான். போன வாரம் சித்தூர் டாக்டரிடம் காட்டினோம், கால் போன வழியில்தான் கையும் போகும், தீபாவளி வரை விரல் தாங்காது என்றார். மருந்தை மாற்றவில்லை, மாற்ற வேறு மருந்து இல்லை. வலது கட்டைவிரல் அழுந்துவதில்லை, கன்ட்ரோலரைத் தலையணைமேல் வைத்து இடது விரலால் தள்ளுகிறான். நீங்கள் இருவரும் நெட்டில் சேர்ந்து ஆடும்போது அவன் கார் பள்ளத்தில் விழுந்ததும் "நெட் சரியில்லண்ணா" என்கிறானே, நெட் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த மலைப்பாதை கார் கேமின் மூன்றாம் பாகம் வந்திருக்கிறதாம். நானே வாங்கித் தருகிறேன் என்றேன். "அண்ணன் தீபாவளிக்குப் பாதி விலைன்னு சொல்லிக்கினு இருக்குது, சத்தியம் வேற கீது, உடு நைனா" என்றான். சரி, சத்தியத்தை இறக்கிவிடுவோம் என்று வெள்ளிக்கிழமை பஸ் பிடித்துக் காணிப்பாக்கம் போனேன். பிள்ளைகள் விளையாட்டாகச் சொன்னது, குறை இருந்தால் என்மேல் போடு என்று பிள்ளையாரிடம் சொல்லிவிட்டு வந்தேன். இவன் சிரிக்கிறான். "சத்தியம் பண்ணது நானும் அண்ணனும், உடைக்கறது நீயா? அண்ணன் வாங்கட்டும், அப்புறம் பாக்கலாம்." உனக்காகத்தான் காத்திருக்கிறான் என்று எனக்குப் புரிந்தது.

அதனால் பழைய கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். கேம் காத்திருக்கும், ஆடுகிறவன் காத்திருக்க முடியாவிட்டால் முழு விலைதான் சரியான விலை. இதனால் அவன் விரல் திரும்பிவிடும் என்று நான் நினைக்கவில்லை. கொடுக்கிற விலைக்குச் சில வாரங்கள்கூடக் கிடைக்காமல் போகலாம். ஆட்டம் பாதியில் நின்றுபோகும் என்று தெரிந்துதான் சொல்கிறேன், இன்றைக்கே இரண்டு பேருக்கும் வாங்கிவிடு.

அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உன்னிடம் எண்ணெய்க் குளியலை விடாதே என்று சொல்லச் சொன்னாள். நீ எங்கிருந்தாலும் உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் இருக்க வேண்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதம்.

ஒன்றை மறந்துவிடாதே. ஆடும்போது அவன் நெட் சரியில்லை என்றால், இங்கேயும் அப்படித்தான்டா என்று சொல்.

இப்படிக்கு,
உன் நைனா,
கிருஷ்ணப்பா