எந்த ஊரில் ஏறுவது, அப்பா?

அப்பா,

உங்கள் பச்சைப் பையை இன்று பரணிலிருந்து இறக்கினேன். விமான நிலையத்தில் கைப்பிடியில் ஒட்டிய வெள்ளைக் காகிதப் பட்டை அப்படியே இருக்கிறது. பையைத் தட்டியபோது தையல் இடுக்கிலிருந்து கொஞ்சம் செம்மண் உதிர்ந்தது. மலைரோட்டு மண். துடைக்க மனம் வராமல் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டேன்.

தம்பி என்னை லண்டனுக்குக் கூப்பிடுகிறான். அவன் மகள் பேச ஆரம்பித்துவிட்டாள். அத்தையைப் போனில் மட்டுமே பார்த்திருக்கிறாள். காலையில் குரல் செய்தி அனுப்பியிருந்தான். "அக்கா, டிக்கெட்டு போடப் போறேன். நடுவுல எங்கயும் மாறாம நேரா வர்ற பிளைட்டுதான். எந்த ஊர்ல ஏறுறேன்னு மட்டும் சொல்லு." பதில் அனுப்புவதற்கு முன் உங்களிடம் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று இதை எழுதுகிறேன். தம்பியை விட்டால், இந்த விஷயத்தில் நம் வீட்டில் அனுபவம் உள்ள ஒரே ஆள் நீங்கள்தானே.

அன்றைக்கும் இதே கேள்விதான். கோட்டயத்துக்காரப் பெண், லண்டன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவளைத்தான் கட்டிக்கொள்வேன் என்று தம்பி சொன்னபோது, "உன் இஷ்டம்" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு ஒரு வருடம் நீங்களும் அவனும் பேசவில்லை. அவன் அழைத்தால் நீங்கள் தோட்டத்துப் பக்கம் போய்விடுவீர்கள். பேசி முடித்து நான் போனை வைத்ததும் வந்து, "சாப்பிட்டானாமா?" என்று கேட்பீர்கள்.

கடைசியில் ஒரு நாள் அவன் சொன்னான். "கல்யாணப் பதிவுக்குத் தேதி வாங்கிட்டேன்க்கா. ரெண்டு மாசம் கழிச்சு, ஒரு திங்கக்கிழமை. அப்பா பக்கத்துல நிக்கலைன்னா நான் கையெழுத்துப் போடமாட்டேன். அவகிட்டயும் சொல்லிட்டேன்." போன் ஸ்பீக்கரில் இருந்தது. நீங்கள் வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்து மூக்குக் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். துடைத்து, மாட்டி, மறுபடி கழற்றித் துடைத்து, பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டீர்கள். "எந்த ஊர்ல பிளைட்டு ஏறணுமாம்?"

அதுதான் உங்கள் சம்மதம்.

விசா வந்ததும் ஊர் பற்றிய சண்டை தொடங்கியது. மதுரை என்றேன் நான். இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் துபாயில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். "வீல்சேர் கேட்டு வாங்கிடலாம்ப்பா, அவங்களே தள்ளிட்டுப் போய் ஏத்தி விட்ருவாங்க" என்றான் தம்பி.

"காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, எதுக்குடா என்னைத் தள்ளணும்? முப்பது வருசமா ஜீப்புல ஆளு ஏத்துனவன் நான். நடுவழியில எறக்கி வேற வண்டியில ஏத்திவிட்டா எந்த ஆளும் வையத்தான் செய்வான்."

ஒரு வருடத்துக்குப் பிறகு நீங்கள் அவனிடம் நேராகப் பேசிய பேச்சு அது. திட்டுதான். அவனுக்கு அதுவே போதுமாக இருந்தது.

சரி, நேராகப் போகும் விமானம் என்றால் சென்னை என்றான். அப்போது நம் போடிக்கு ரயில் இல்லை. மதுரைக்குப் போய் ஏற வேண்டும். "பெட்டியைத் தூக்கிட்டு எத்தனை வண்டி மாறுறது?" என்று அதையும் தள்ளினீர்கள். பிறகு நீங்களே சொன்னீர்கள். "கொச்சி."

"ஏம்ப்பா கொச்சி? மலையேறி இறங்கி ஆறு மணி நேரம் போகணும். மழைக்காலம் வேற."

"கொச்சிதான்."

காரணம் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் விடியலில் ஏலத்தோட்ட வேலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வளைவுகளில் ஏறி இறங்கியவர், அந்த ரோட்டு மேல் உள்ள பாசத்தில் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

கொச்சி விமானம் சனிக்கிழமை மதியம். அதற்கு வெள்ளிக்கிழமை காலையில் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நீங்கள் தினக் காலண்டரைப் புரட்டினீர்கள். வெள்ளிக்கிழமைத் தாளில் 'சூலம்: மேற்கு' என்று இருந்தது. அன்றைக்கு மேற்கே பயணம் ஆகாது.

"வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மேற்கேதானப்பா ஜீப் ஓட்டுனீங்க?"

"அது சோலிக்குப் போறது ஆத்தா. ஒரு துண்டு வெல்லத்தை வாயில போட்டுட்டுப் போயிரலாம். இது பயணம்ல?"

வியாழக்கிழமையே கிளம்பலாம் என்றால் எனக்கு அன்று ஏலக்காய் ஏலம். நான் வேலை பார்க்கும் வியாபாரியின் அலுவலகத்தில் ஏல நாளில் மட்டும் விடுப்புக் கேட்க முடியாது. அதற்கும் நீங்கள் வழி வைத்திருந்தீர்கள். நல்ல நாளில் பையை மட்டும் அந்தத் திசையில் முன்னே அனுப்பி ஒரு வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அன்றைக்கே தொடங்கியதாகிவிடும். மறுநாள் எந்தச் சூலத்திலும் போய்ச் சேர்ந்துகொள்ளலாம். வியாழக்கிழமை மதியம் பச்சைப் பை ஒரு தோட்டத்து ஜீப்பில் ஏறி, போடிமெட்டில் டீக்கடை வைத்திருந்த உங்கள் பழைய சிநேகிதர் சேட்டன் வீட்டுக்குப் போய்விட்டது. முறுக்கும் ஏலக்காயும் உங்கள் புதுச் சட்டைகளும் அதில்தான் என்று நினைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை மலையடிவாரத்து முந்தல் செக்போஸ்டில் கார் நின்றது. விடிய விடியப் பெய்த மழையில் பதினோராவது வளைவில் மண் சரிந்துவிட்டது. சாயங்காலம் வரை வண்டி போகாது என்றார்கள். எங்கள் கார் ஓட்டுநர் பதறவில்லை. "தேவாரம், கம்பம் வழியா குமுளி ஏறிப் போயிரலாம்க்கா. கொஞ்சம் சுத்து, அவ்வளவுதான். நாளைக்கு மத்தியானம்தானே பிளைட்டு?" எனக்கு மூச்சு வந்தது. பையைத் தம்பிக்குப் பிறகு பார்சல் அனுப்பிக்கொள்ளலாம் என்று சொல்லித் திரும்பினேன். நீங்கள் மலையையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

"பாஸ்போர்ட்டு பையில இருக்கு ஆத்தா."

"எந்தப் பையில?"

"மேல போன பையில."

நான் அன்று உங்களைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. இந்த விமானத்தை விட்டால் அடுத்த நேரடி விமானம் மூன்று நாள் கழித்துத்தான். அதற்குள் திங்கட்கிழமை போய்விடும். தம்பி கையெழுத்துப் போடமாட்டான். சொன்னால் செய்கிறவன், உங்கள் மகன்தானே.

சேட்டனுக்குப் போன் போட்டேன். "ஒண்ணும் பேடிக்கண்டா மோளே, பேக் இவிடத்தன்னே உண்டு. ஞான் எடுத்துட்டு வரேன்" என்று தைரியம் சொல்லிவிட்டு அவர் மேலிருந்து கிளம்பினார். நீங்கள் கீழிருந்து. செக்போஸ்டில் எல்லாரும் தெரிந்தவர்கள். சரிவு வரைக்கும் போகிற ஒரு ஜீப்பில் நம்மை ஏற்றிவிட்டார்கள். அங்கே தோட்டத்துப் பெண்கள் தூக்குவாளியோடு வழி திறக்கக் காத்து நின்றார்கள்.

"அண்ணே, லண்டனுக்கு நடந்தேவா போறீக?"

"இல்ல தாயி, லண்டனே இங்க வரட்டும்னு நிக்கிறேன்."

"போறது சரி, வர்றப்ப வெள்ளைக்காரி யாரையும் கூட்டிட்டு வந்துறாதீக!"

எல்லாரும் சிரித்தார்கள், நீங்களும் சிரித்தீர்கள். நான்தான் சிரிக்கவில்லை. இரண்டு ஆள் உயரத்துக்கு மண், நடுவில் வேரோடு ஒரு மரம். அந்தப் பக்கம் சேட்டன் பச்சைப் பையைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார். மழை தூறிக்கொண்டிருந்தது. நீங்கள் வேட்டியை மடித்துக் கட்டி மண்ணில் ஒரு கால் வைத்தீர்கள். முழங்கால் வரை உள்ளே போனது. நான் உங்கள் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

மண்ணை அள்ளிக்கொண்டிருந்த பொக்லைன்காரரிடம் சேட்டன் கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவர் முதலில் தலையை ஆட்டி மறுத்தார். பிறகு பொக்லைனின் பெரிய கை மெல்லத் தாழ்ந்தது. சேட்டன் பையை அதில் வைத்தார். கை உயர்ந்து, மரத்துக்கு மேல் சுற்றி, இந்தப் பக்கம் வந்து, பையைச் சகதியோடு சகதியாகக் கொட்டியது. பெண்கள் குலவை போட்டார்கள். உங்களுக்கு முன்னால் பறந்தது உங்கள் பைதான் அப்பா.

பாஸ்போர்ட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடியே காரில் வந்தீர்கள். ராசிங்காபுரம் தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

"கோவமா ஆத்தா?"

"பாஸ்போர்ட்டை யாராச்சும் முன்னால அனுப்புவாங்களாப்பா?"

"அது இல்லாமலே நான் போயிரலாம்ங்கிற பொருளை அனுப்புனா அது எப்படிப் பயணமாகும்? இது இல்லாம என்னால போகவே முடியாதுங்கிறதுதான் முன்னால போகணும். அப்பத்தானே நான் கெளம்பிட்டேன்னு அர்த்தம்?"

அதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சலாக இருந்தது. தேவாரம் வந்ததும், யானை மிதித்துப்போட்டிருந்த ஒரு தென்னந்தோப்பைக் காட்டினீர்கள். பிறகு மெதுவாகச் சொன்னீர்கள். "இப்ப நம்ம போறது தெக்கே. வெள்ளிக்கிழமை தெக்கே சூலமே கெடையாது, பாத்துக்க." அதற்கு மேல் என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

மறுநாள் விமான நிலைய வாசலில், உள்ளே பயணிகள் மட்டும்தான் போகலாம் என்ற இடத்தில், உங்கள் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டே கேட்டேன். "இப்பவாச்சும் சொல்லுங்கப்பா. ஏன் கொச்சி?"

"போற எடத்துல உன் தம்பி நிப்பான். எப்படியும் கூட்டிட்டுப் போயிருவான். திரும்பி வர்றப்ப நான் ஒத்தையில வரணும்ல? இங்க எறக்கிவிட்டா, கண்ணைக் கட்டிவிட்டாலும் வீட்டுக்கு வந்துருவேன்."

நாங்கள் எல்லாரும் போவதற்கு ஊர் தேடிக்கொண்டிருந்தோம். நீங்கள் வருவதற்குத் தேடியிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை தம்பி அனுப்பிய படத்தில் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் நிற்கிறீர்கள். சாட்சிக் கையெழுத்து நீங்கள் போட்டதாம், தமிழில். எழுதி முடிக்க நேரமானதாம். அங்கிருந்த அதிகாரி பேனாவைத் திருப்பி வாங்காமல் பொறுமையாக நின்றாராம். இரண்டு மாதம் கழித்துத் திரும்பியபோது நான் காரோடு வருகிறேன் என்றதற்கு, "நீ வராத, நான் மூணாறு பஸ்சு ஏறிட்டேன்" என்று போன் செய்தீர்கள். மறுநாள் மதியம் தெருமுனையில் தோட்டத்து ஜீப் ஒன்று வந்து நின்றது. லண்டனிலிருந்து வந்த பயணி ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கினார். வண்டிக்காரர் பக்கத்து இருக்கையில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு எட்டு மாதம் இருந்தீர்கள். ஞாயிறு தவறாமல் தம்பியோடும் மருமகளோடும் பேசினீர்கள். அவளிடம் பேசுவதற்காகச் சேட்டனிடம் மலையாளம் வேறு கேட்டுக்கொண்டீர்கள். உங்கள் கட்டிலில், உங்கள் வீட்டில், ஒரு காலை நேரத்தில் போனீர்கள். எனக்குக் குறை ஒன்றும் இல்லை அப்பா.

இப்போது என் முறை. கொச்சியிலிருந்து நேராகப் போகிற விமானம் இப்போது இல்லையாம்; அதே குரல் செய்தியின் கடைசியில் சென்னை அல்லது பெங்களூரு என்கிறான். கொச்சி இல்லை என்பதைச் சொல்லத் தம்பி தயங்கியது குரலிலேயே தெரிந்தது. நான் வருத்தப்படுவேன் என்று நினைத்திருப்பான். யோசித்துப் பார்த்தால் அது உங்கள் ரோடு. மழையும் வளைவும் தெரிந்த உங்களுக்கு அது வீட்டு வழி. எனக்கு அப்படி இல்லை. நீங்கள் எனக்குக் கொடுத்தது ஒரு ஊரின் பெயர் இல்லை என்பது இன்றைக்குத்தான் தெளிவாகத் தெரிகிறது. எதற்குக் கிளம்பினாலும் திரும்பும் வழியை முதலில் பார்க்கிற பழக்கம் எனக்கு எப்படியோ வந்துவிட்டது. ஊர் அவரவருக்குத்தான் அமைய வேண்டும்.

தம்பிக்கு 'சென்னை' என்று எழுதி அனுப்பிவிட்டேன். உடனே பதில் வந்தது. "சென்னையா? பெங்களூர்னா ரோடு நல்லா இருக்குமேக்கா. ஏன்?"

"வர்றதுக்கு" என்று எழுதினேன். அவனுக்குப் புரிந்திருக்கும்.

நீங்கள் போன சில நாட்களில் நம் ஊருக்கு ரயில் வந்தது அப்பா. சென்னையில் கிளம்பி நேராக இங்கே வருகிறது, நடுவில் எங்கும் மாற வேண்டாம். போடிக்கு அப்பால் தண்டவாளம் கிடையாது, மலைதான். பயணக் களைப்பில் நான் தூங்கிப்போனாலும் கவலையில்லை. அந்த ரயிலுக்குக் கடைசி ஸ்டேஷன் நம் ஊர்.