ஆத்தா வாங்காத தொப்பி

இன்று காலை ஏலக்காய் அனுப்புவதற்காக ஆசாரி புதுப் பெட்டிகளைக் கடையில் இறக்கினார். அப்போதுதான் இழைத்த பலகையின் வாசனை. எனக்குக் கை ஓடவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டேன். உன்னைப் பட்டாளத்தார் கொண்டுவந்த பெட்டியிலும் இதே வாசனைதான் அடித்தது.

ராமாபுரத்திலிருந்து மைசூருக்கு ஒரே வண்டியில் வந்தவர்கள் நாம். நான் மண்டியில் மூட்டை சுமந்து கடை வைத்தேன்; நீ படித்து விமானம் ஓட்டப் போனாய். பர்மாவில் நீ காணாமல் போனதாகத் தந்தி வந்தது. ஒரு வருஷமாகியும் ஒரு வரி கடிதம் இல்லை. உன் அம்மா சோறு தின்னாமல் வாசலையே பார்த்து இளைத்துக்கொண்டிருந்தாள். "அவன் இனி வரமாட்டான் ஆத்தா. செய்யவேண்டியதைச் செஞ்சிரலாம்" என்று சொன்னவன் நான்தான். தருப்பையில் உன்னைப்போல் உருவம் கட்டி, காவிரிக் கரையில் கொளுத்தி, கருமாதியும் முடித்தோம்.

சண்டை ஓய்ந்ததும் எலும்பும் தோலுமாக நீ வந்து நின்றாய். ஜப்பான்காரன் சிறையில் இருந்தாயாம். கருமாதி ஆனவன் அப்படியே வீட்டுக்குள் வரக்கூடாது, மறுபடி பிறந்துதான் வரவேண்டும் என்றார்கள் பெரியவர்கள். குளிப்பாட்டி, தொட்டிலில் உட்காரவைத்துப் பெயர் வைத்தோம்.

"தாங்குமாடா இது?" என்றாய்.

"ஜப்பான்காரன் சோறு போட்டிருந்தாத்தான் தாங்காது. உக்காரு."

"என் கருமாதிக்கு என்ன சமையல்?"

"வடை, பாயாசம்."

"பாவிகளா, நான் அங்க பூசணித் தண்டு அவிச்ச தண்ணியைக் குடிச்சுக்கிட்டிருந்தேன்."

ஆத்தா சிரித்துக்கொண்டே தொட்டிலை ஆட்டினாள். நான் உன் முகத்தைப் பார்க்காமல் நின்றதைக் கவனித்துவிட்டாய். "உனக்கு எப்பவும் அவசரம்டா" என்றாய். அதற்குமேல் அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை.

உனக்குப் பதக்கம் குத்தினார்கள். உடம்பு தேறியதும் மறுபடி பறக்கப் போனாய். பெங்களூர்ப் பக்கம் உன் விமானம் விழுந்து எரிந்தது. உன்னைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்து மூடித்தான் அனுப்பினார்கள்.

சாமுண்டி மலையடிவாரச் சுடுகாட்டில் சிப்பாய்கள் வரிசையாக நின்றார்கள். பெட்டியின்மேல் கொடி, அதன்மேல் உன் தொப்பியும் பதக்கமும். பியூகிள் ஊதினார்கள், வானத்தைப் பார்த்து மூன்று முறை சுட்டார்கள். அங்கே பெண்கள் வருவதில்லை. ஆத்தா வந்திருந்தாள், பெட்டிக்குள் பார்ப்பதற்காக.

"தொறந்து காட்டச் சொல்லு சாமி."

"முடியாதுங்க ஆத்தா. அவன்தான்."

"போன தடவையும் நீதான் சொன்ன."

வெள்ளைக்கார அதிகாரி குனிந்து தொப்பியை நீட்டினார். அவள் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "அவனே வந்து வாங்கிக்குவான்" என்றாள். அவருக்கு அது புரியவில்லை. நீட்டிய கையோடு நின்றார். நான் வாங்கிக்கொண்டேன். கொள்ளியும் நான்தான் வைத்தேன். கருமாதிக்கு அவள் ஒப்பவில்லை. "ஒருக்காப் பண்ணினது போதும்" என்றுவிட்டாள்.

தொப்பி என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. சரக்கு மட்டமென்றால் முகத்துக்கு நேரே மட்டமென்று சொல்கிற வாய் என்னுடையது. அந்த வாயோடுதான் தினமும் கடையைச் சாத்திவிட்டு உன் வீட்டுக்குப் போகிறேன்.

"தகவல் வந்துச்சா சாமி?"

"இன்னும் இல்லைங்க ஆத்தா."

அதைக் கேட்ட பிறகுதான் அவள் தட்டில் கை வைக்கிறாள்.