வலிக்கும்போதே

அன்றைக்கு வடக்கே தாபோடி ஊரில் நம் வீட்டில் இருந்தது யார் யார்? தரையில் உருண்டுகொண்டிருந்த நீ, உன் மாமியார் நான், நான் பெற்ற மகன் குமரவேல், கதவுக்கு வெளியே நின்று இடித்த மேல்வீட்டு சுனந்தா. உன் மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். இன்று அவள், உடம்புச் சூட்டுக்கு நல்லதென்று பார்லி கொதிக்க வைத்தாள். வாடை வந்ததும் பாத்திரத்தைத் தூக்கி வாசலில் அடித்தேன். பிள்ளை மிரண்டுபோனாள்.

உனக்கு அந்த வலி வரும், போகும். இடது விலாவுக்குக் கீழே முறுக்கும். வாந்தி எடுப்பாய், சுவரில் தலையை மோதுவாய். பிறகு சிறுநீர் நிறையப் போனதும் எழுந்து மாவு பிசைவாய். சூட்டு வலி என்றார்கள் நம் சனங்கள். மோர், பார்லி என்று சொம்பு சொம்பாகக் குடிக்க வைத்தார்கள். குடித்த பிறகுதான் அது உன்னை அடித்துப் போட்டது.

வலி நின்ற பிறகு எடுத்த ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் டாக்டரம்மா இந்தியில் தெளிவாகச் சொன்னார்: கிட்னியிலிருந்து சிறுநீர் இறங்கும் வழி அவ்வப்போது அடைபடலாம், நிறையக் குடித்தால் வீங்கும், வலிக்கும்போதே கூட்டி வாருங்கள், பார்த்துச் சரிசெய்யலாம். எனக்கு எழுத்துதான் தகராறு. இந்தி நன்றாக வரும். குமரவேலும் பக்கத்தில்தான் நின்றான்.

அந்த முறை முதல் நாளே வலி தொடங்கி, விடிந்ததும் குளிர்காய்ச்சல் வந்தது. "அத்தே, இது வேற மாதிரி இருக்கு" என்றாய்.

"கூட்டிட்டுப் போடா."

"அங்க போனதும் நின்னுரும்மா. உன் மருமக சினிமாவுல சேந்திருக்கணும்."

கதவைப் பூட்டினான். உன் தாடையைப் பிடித்து நெரித்துப் பார்லித் தண்ணீரை ஊற்றினான். உன்னை இழுக்கப்போன என் முன்கையில் உன் பல் இறங்கியது. சப்பாத்திக் கட்டையால் அவன் முழங்கையில் போட்டேன். சாவி விழுந்தது. "மாவ்ஷி, ரிக்‌ஷா ஆணலி!" என்று மராத்தியில் என்னைக் கூப்பிட்டுக் கத்தினாள் சுனந்தா. ரிக்‌ஷாவை வாசலிலேயே நிறுத்தியிருந்தாள்.

அடைபட்ட கிட்னியில் சீழ், ரத்தமெல்லாம் விஷம். குழாய் போட்டு வடித்தும் நீ திரும்பவில்லை.

தீபாவளிக்கு வந்தால் என் காலில் விழுகிறான். "தெரியாமப் பண்ணிட்டேம்மா." என்ன தெரியாது அவனுக்கு?

உன் பல்தடம் இன்னும் என் கையில் இருக்கிறது. இந்தக் கையால் உன் மகளுக்குத் தலை வாருகிறேன். வலித்தால் வலிக்கும்போதே ஊர் கேட்கக் கத்து என்று சொல்லி வளர்க்கிறேன். இந்தக் கையால் ஒருவனுக்கு மட்டும் சோறு போடமாட்டேன், சாகும்வரை மன்னிக்கவும் மாட்டேன். குமரவேல்.