அம்புப்பலகை காட்டிய வழி

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும் வணக்கம். அத்தானின் முழங்கால் வலி தேவலையா? இப்படி ஏதாவது நடக்கும் என்று நான் போன வாரமே சொன்னேன், யார் கேட்டார்கள்? பதறாதே, உன் மகள் பத்திரமாக இருக்கிறாள்.

இங்கே மேடும் பள்ளமுமான வயல்வெளியில், நாலு குட்டிக் கிராமங்களைத் தாண்டி ஓடும் போட்டி. இவளும் ஓடினாள். வழியெல்லாம் அம்புப்பலகை நட்டது உன் தம்பிதான். என்னை விட்டால் ஆள் ஏது? ஆனால் அன்றைக்கு அடித்த காற்று, மாட்டையே தூக்கும் காற்று, ஒரு பலகையைத் திருப்பிவிட்டது. உள்ளூர்க்காரர்கள் பழகிய பாதையில் வந்து சேர்ந்தார்கள். இவளை மட்டும் இரண்டு மணி நேரமாகக் காணோம்.

வேனை எடுத்துக்கொண்டு மேடு மேடாக அலைந்தேன். கடைசியில் பக்கத்துக் கிராமத்து ரொட்டிக்கடையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள் மகராசி.

"என்ன மாமா, அழுதீங்களா?"

"கண்ணுல தூசிடி."

போன உயிர் திரும்பி வந்தது அக்கா.

எனக்கு ஒரு கம்பளிப் போர்வை அனுப்பு. கூடவே உன் கையால் நாலு வரி எழுது. போனில் பேசினால் சட்டென்று முடிந்துபோகிறது. வேலைக்கு நேரமாகிவிட்டது.

உன் தம்பி.

காற்று என்று எழுதினேனே, அன்றைக்கு ஓர் இலைகூட அசையவில்லை. பலகையைத் தப்பான பக்கம் பார்க்க நட்டவன் நான்தான். அவளிடம் நீயே சொல்லிவிடு, எனக்கு வாய் வரவில்லை.